வாய்க்காலுக்குத் தெற்கே மழை

ஆயர் தேவவரத்துக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் கேலியாகத்தான் வெளியே வரும். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, கோவில் வாசலில் அவருக்கு அந்தக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அந்த ஒரு கோபம்தான் காரணம்.

ஊர் ஆலங்கொல்லை. கீழ்வேளூரில் மினி பஸ் ஏறினால், கண்டக்டர் தூங்கி விழித்து விசில் கொடுக்கிற இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஊரை நடுவே பிளந்துகொண்டு ஒரு வாய்க்கால் போகிறது. வடக்கே பம்புசெட்டுக்காரர்கள். அவர்கள் குறுவை போட்டு, கதிர் முற்றி, அறுவடை மிஷினுக்காகக் காத்திருந்தார்கள். தெற்கே கடைமடை. ஆற்றுத்தண்ணீர் அங்கே எட்டிப்பார்ப்பதற்குள் மற்றவர்கள் எல்லோரும் குடித்து முடித்திருப்பார்கள். அதனால் தெற்கத்திக்காரர்கள் காய்ந்த புழுதியிலேயே சம்பா விதையைத் தூவி, உழுது மூடிவிட்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, புரட்டாசி பிறக்கும்போது ஒரே ஊரில் பாதிப் பேருக்கு மழை வந்தே ஆகவேண்டும். பாதிப் பேருக்கு அது வரவே கூடாது.

சபைச் செயலர் பாக்கியநாதனுக்கு வயல் வடக்கே. சபையார் 'ஐயர்' என்று கூப்பிடுகிற ஆயரை வாசலில் மறித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"ஐயரே, நாளைக்கு மிஷின் வருது. இன்னைக்கு ஜெபத்துல, மழை வேணாம்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லிருங்க."

பின்னாலேயே நவமணி. தெற்கே குத்தகைக்கு நிலம் எடுத்து ஒண்டியாளாக விவசாயம் பார்க்கிற பெண்மணி. வாய் கொஞ்சம் நீளம். உழைப்பு அதைவிட நீளம்.

"அதெப்படி? எங்க விதை மண்ணுக்குள்ள பொரிஞ்சு போய்க் கெடக்கு. மழை வேணும்னு ஜெபிங்க ஐயரே. அவருக்கு ஒருநாள் மிஷின் தள்ளிப்போனா குடியா முழுகிரும்?"

"ஒருநாள் தள்ளிப்போனா மிஷின் குத்தாலத்துக்குப் போயிரும். ஒனக்கென்ன தெரியும்?"

இரண்டு பேரும் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். ஆயர் இரண்டு பேரையும் பார்த்தார். வாரம் முழுக்க உட்கார்ந்து தயார் செய்த பிரசங்கம் கையில் இருந்தது. அதைப் பற்றி இவர்களில் யாருக்கும் அக்கறையில்லை. இவர்களுக்குத் தேவை ஒரு வானிலை நிலையம். கடுகடுப்போடு உள்ளே போனார்.

பொது ஜெப நேரம் வந்தது. கண்ணை மூடினார். வாயில் வந்தது இதுதான்:

"ஆண்டவரே, வாய்க்காலுக்கு வடபுறம் ஒரு துளியும் விழவேண்டாம். தென்புறத்தில் தாராளமாய்ப் பெய்யப்பண்ணும். வாய்க்கால் எங்கே ஓடுகிறதென்று உமக்குத் தெரியும். ஆமென்."

சபை கண்ணை மூடியபடியே சிரித்தது. கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சுகிர்தா மட்டும் சிரிக்காமல் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை அது.

அன்று சாயங்காலம் தெற்கே கருத்தது. கருத்த மேகம் வாய்க்கால் வரைக்கும் வந்து, கரையில் கால் வைத்துப் பார்த்து, வேண்டாமென்று திரும்பிக்கொண்டது. தெற்கே கொட்டோ கொட்டென்று கொட்டியது. வடக்கே புழுதி பறந்தது.

இந்த ஜில்லாவில் வெயில்கால மழை அப்படிப் பெய்வது புதிதல்ல. எருமையின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு நனையாது. ஆனால் அதற்கு முன்பெல்லாம் யாரும் காலையில் கோவிலில் எல்லைக்கல் நட்டு ஜெபித்ததில்லையே! வாய்க்கால் பாலத்தின் மேல் நின்று யாரோ வீடியோ எடுத்தார்கள். இந்தப் பக்கம் காட்டினால் ஈரம். அந்தப் பக்கம் காட்டினால் காய்ந்த சருகு. பின்னணியில் "அல்லேலூயா" என்று ஒரு குரல். மறுநாள் விடிவதற்குள் அந்த வீடியோ கும்பகோணம் வரைக்கும் போய்விட்டது.

வடக்கே மிஷின் வந்து அறுத்துத் தள்ளியது. தெற்கே விதை கண் விழித்தது. ஆயருக்குப் பெயர் வைத்தாயிற்று: மழை ஐயர்.

முதலில் வந்தவர் வைரக்கண்ணு. நவமணியின் வயலுக்கு அடுத்த வயல்காரர். கோவிலுக்கு வருகிறவர் அல்ல. அவருக்கு அவருடைய அம்மன் இருக்கிறாள். ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்து, "சாமி!" என்று ஆயரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். ஆயர் பதறிப்போய் எழுப்பினார்.

"நான் ஒண்ணும் பண்ணலங்க. கேலியா ஒரு வார்த்தை சொன்னேன். மேகம் அதுபாட்டுக்கு வந்துச்சு."

"அப்படித்தான் சொல்லுவீங்க சாமி. நெறகுடம்!"

அடுத்த ஞாயிறு பிரசங்கபீடத்திலிருந்தே தெளிவாகச் சொன்னார். மழை தன்னால் வரவில்லை, தான் சாதாரண ஊழியக்காரன், இனி யாரும் அப்படிப் பேசவேண்டாம். சபை உருகிப்போனது. "என்ன ஒரு தாழ்மை பாத்தீங்களா!" என்று பாக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுக்க மறுக்கப் பெயர் வளர்ந்தது. மினி பஸ் அவருக்காக நின்று காத்திருந்தது. டீக்கடையில் அவருக்குத் தனியாக ஸ்டூல் போட்டார்கள்.

உள்ளதைச் சொல்லவேண்டும். அந்த ஸ்டூல் அவருக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, கையை இரண்டு பக்கமும் விரித்து, தலையை லேசாக உயர்த்திப் பார்த்தார். பின்னாலேயே சுகிர்தா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, மதகைத் திறந்து விடுற லஸ்கர், தான்தான் காவேரின்னு நெனைச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"சட்டைக்குப் பட்டன் போட்டேன்மா."

"ரெண்டு கையையும் விரிச்சா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்த ஊழியத்துக்கு அவர் ஸ்டூலைத் தேடி வரவில்லை. தஞ்சாவூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர். உடன் வேலை பார்த்தவர் ஒருவர் விபத்தில் இறந்துபோக, அந்த வீட்டில் எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். முந்தின நாளிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் மனைவியிடம், இவர் தனக்குத் தெரிந்த வேத வசனம் ஒன்றையும், அவள் புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தையும் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்து, "குடிக்கத் தண்ணி குடுங்க" என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரை அவள் குடித்து முடித்ததைப் பார்த்தபோது, தன்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது அவருக்கு. அந்த வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்யவேண்டும் என்று கிளம்பி வந்தவர், இப்போது கண்ணாடி முன்னால் கை விரித்துக்கொண்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தின் மேல் உப்பு வைத்துத் தேய்த்தவர், குத்தாலத்திலிருந்து பைக்கில் வந்த ஒரு விவசாயி. பிளாஸ்டிக் கவரிலிருந்து பட்டா நகலை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"சர்வே நம்பரை மார்க் பண்ணிருக்கேன் ஐயா. இந்த வயலுக்கு மட்டும் மழை வேணும். பக்கத்துல இருக்கறது என் தம்பி வயலு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. தப்பித்தவறி அங்க பெஞ்சிராமப் பாத்துக்குங்க."

சிரிக்கிற கதைதான். ஆயராலும் முதலில் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த விவசாயி போன பிறகுதான் சுருக்கென்றது. அந்த மனிதர் கேட்டதில் என்ன தப்பு? இந்த ஊர் ஆயர் வாய்க்காலை வைத்து ஆண்டவரைப் பாகம் பிரித்தார். அவர் சர்வே நம்பரை வைத்துப் பிரிக்கிறார். பாடம் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

இதற்கு நடுவில் தெற்கே வேறொரு கஷ்டம் வந்தது. விதை முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். அந்த ஒரு மழையில் அது முளைத்துவிட்டது. முளைத்ததற்குத் தண்ணீர் வேண்டும். அதன்பிறகு ஒரு சொட்டும் இல்லை. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்காலில் தவளை உட்காரக்கூடத் தண்ணீர் இல்லை. வடக்கே அறுப்பு முடிந்து, அவர்களும் அடுத்த பட்டத்துக்கு உழவேண்டும். பம்புசெட்டுகள் காற்றைத்தான் இறைத்தன. இப்போது ஊர் முழுவதற்கும் மழை வேண்டும்.

பாக்கியநாதன் சும்மா இருப்பாரா? சனிக்கிழமை சாயங்காலம், ஊர்ப் பொதுக்களத்தில் மழை ஜெபப் பெருவிழா என்று அறிவித்துவிட்டார். கடைத்தெருவில் ஒரு ஆள் உயரத்துக்கு மேலே ஃப்ளெக்ஸ் ஏறியது. வெள்ளை அங்கியில் ஆயர், பின்னால் கருமேகம், நடுவில் 'மழைக்குக் கட்டளையிடும் தேவ மனிதர்'.

"மின்னல் உங்க காதுலேருந்து கெளம்புற மாதிரி இருக்குங்க" என்றாள் சுகிர்தா.

வெள்ளிக்கிழமை மாலை வெயில் தாழ்ந்ததும் ஆயர் தெற்கே நடந்தார். நவமணி வரப்பில் குந்தியிருந்தாள். பயிர் விரல் உயரம்கூட இல்லை. நுனி எல்லாம் பழுத்து, சுருண்டு, ஊசி ஊசியாக நின்றது. அவள் ஒன்றைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாலு நாள் தாங்கும் ஐயரே. அதுக்கு மேல இதுக்கு நீங்க அடக்க ஆராதனைதான் பண்ணணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் உடைந்துவிட்டது. "நாளைக்கு நீங்க ஜெபிச்சா வந்துரும்ல?"

ஆயர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஏனென்றால், வழியெல்லாம் அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த நினைப்பு அவருக்கே தெரியும். நாளைக்குப் பெய்யாமல் இருந்தால் நல்லது. பெய்தால் ஆயுசுக்கும் மழை ஐயர். சொல்கிற வசனம் ஒன்றும் ஒருத்தர் காதிலும் ஏறாது. பெய்யாவிட்டால் பட்டம் கழன்றுவிடும், நிம்மதி. அந்த நினைப்போடு வந்தவர் கையில்தான் இந்தக் கருகிய நாற்று இருந்தது. தன் பெயர் சுத்தமாக வேண்டும் என்பதற்காக இவள் பயிர் சாகவேண்டுமா? சீ என்று இருந்தது அவருக்கு. அங்கேயே, நவமணிக்குத் தெரியாமல், மனசார ஒரு தடவை கேட்டார்: என்னை என்ன பெயர் சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், மழையைக் கொடும்.

பிறகு கேட்டார்: "வைரக்கண்ணுகிட்ட பேசுறீங்களாம்மா இப்ப?"

"அந்தாளா? இந்த வரப்பை வருசாவருசம் ஒரு சாண் அரிச்சு அரிச்சு எடுத்துக்கறாரு. அவர் வயலு பொட்டலாப் போனாத்தான் எனக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

ஆயர் திரும்பினார். வரும்போது இருந்த நடை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். நாளைக்கு என்ன சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை களத்தில் கூட்டம் நெரிந்தது. தேர்த் திருவிழாவுக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. உரக்கடை ஜாஃபர் சாதிக் சாயங்கால அஸர் தொழுகை முடித்த கையோடு வந்து முன்வரிசையில் நின்றார். மழை பெய்தால்தானே யூரியா விற்கும்! மேடையேறிய ஆயரைப் பார்த்ததும் விசில் பறந்தது. அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"அன்னைக்கு நான் பண்ணுன ஜெபம் தப்பு" என்று ஆரம்பித்தார்.

"தாழ்மை! தாழ்மை!" என்றார் பாக்கியநாதன்.

"பாக்கியநாதன் அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. இது தாழ்மை இல்ல, நெசம். உங்க ரெண்டு பேரு சண்டையில எனக்குக் கோவம். அந்தக் கோவத்துல ஆண்டவரை வாய்க்காலோட நிறுத்திப் பாகம் போட்டேன். இந்தப் பக்கம் இவருக்கு, அந்தப் பக்கம் அவங்களுக்குன்னு. சாமிகிட்ட ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கேக்க நானே சொல்லிக்குடுத்திட்டேன். எனக்குக் குடுத்த வேலை அதில்ல. அதனால இன்னைக்கு நான் இங்க நின்னு ஜெபிக்கப் போறதில்ல."

விசிலடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எல்லாரும் ஜெபிக்கப் போறீங்க. அவங்கவங்க எந்தச் சாமியக் கும்பிடுறீங்களோ, கும்பிடுற விதத்துலயே கேளுங்க. நான் எங்கப்பாகிட்ட கேப்பேன். ஒரே ஒரு கண்டிசன். யாரும் தன் வயலுக்குக் கேக்கக்கூடாது. போயி உங்க வரப்புல நில்லுங்க. அடுத்த வயலைப் பாருங்க. அதுக்கு மழை வேணும்னு கேளுங்க. மனசு வரலன்னா மனசு வராமலே கேளுங்க. அவ்வளவுதான், கெளம்புங்க."

மைக்கை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

சில பேருக்கு ஏமாற்றம். சில பேருக்கு அதிர்ச்சி. வைரக்கண்ணு வாயைப் பிளந்து நவமணியைப் பார்த்தார். நவமணி முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். ஜாஃபர் சாதிக் ஆயரின் கையைப் பிடித்தார்.

"எனக்கு வயலே கெடையாதே ஐயா. நான் யாருக்குக் கேக்கறது?"

"பாலத்துக்கிட்ட புதுசா ஒரு உரக்கடை வந்திருக்குல்ல?"

"யா அல்லாஹ்! அவனுக்கா?" என்றார். ஆனால் போகும்போது பாலத்துப் பக்கமாகத்தான் போனார்.

ஊர் கலைந்து வரப்புகளில் நின்றது. அப்படி ஒரு காட்சியை அந்த வயல்கள் பார்த்ததில்லை. வரப்புக்கு வரப்பு ஒரு ஆள். எல்லோர் முகமும் அடுத்தவர் வயலைப் பார்த்து. சிலர் மண்டியிட்டார்கள், சிலர் கைகூப்பினார்கள். பாக்கியநாதன் வாய்க்கால் கரைக்கு வந்து தெற்கே பார்த்து, முதலில் தொண்டையைக் கனைத்து, பிறகு மெல்லிய குரலில், நெடுநேரம் கேட்டார்.

மழை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. மழை ஐயரின் பட்டம் லேசாக ஆட்டம் கண்டது. டீக்கடை ஸ்டூலில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் நவமணி வந்து கேட்டாள்: "இன்னைக்கும் அந்தாளுக்காகத்தான் கேக்கணுமா ஐயரே?"

"இன்னைக்கும்தாம்மா."

"நீங்க பேசாம மழை ஐயராவே இருந்திருக்கலாம்" என்று முனகிக்கொண்டே வரப்புக்குப் போனாள்.

திங்கட்கிழமை நண்பகல். ஆயர் கடைத்தெருவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மண் வாசனை வந்தது. நிமிர்ந்தார். கிழக்கே கடல் பக்கத்திலிருந்து கருமேகம் கும்மென்று ஏறிக்கொண்டு வந்தது. வாய்க்கால், எல்லை, சர்வே நம்பர் ஒன்றையும் அது கண்டுகொள்ளவில்லை. தெற்கே இறங்கியது, பாலத்தைத் தாண்டியது, வடக்கே போயிற்று. ஓட்டின்மேல், தகரத்தின்மேல், கோவில் மணிமேல் ஒரே சத்தம். ஊரே தெருவுக்கு வந்து நனைந்தது. ஆயர் பம்பைப் போட்டுவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்தார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஐயோ, யூரியா!" என்று ஜாஃபர் சாதிக் அலறினார். அப்போதுதான் லாரியிலிருந்து இறக்கிய மூட்டைகள் கடை வாசலில் அடுக்கியிருந்தன. "தார்ப்பாய் எங்க? யாராச்சும் ஒரு தார்ப்பாய் கொண்டாங்க!"

தார்ப்பாய்க்கு எங்கே போவது? பாக்கியநாதன் ஒரு கணம் யோசித்தார். ஓடிப்போய்க் கம்பத்தில் ஏறி, ஃப்ளெக்ஸை அறுத்து இறக்கினார். மழைக்குக் கட்டளையிடும் தேவ மனிதர் மூட்டைகளின்மேல் மல்லாந்து படுத்தார். மின்னல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகத் தொங்கின. காற்றில் தூக்கிக்கொண்ட ஒரு மூலையை ஆயரே ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

மழை கொஞ்சம் தணிந்ததுமே யூரியாவுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் நவமணி, முழங்கால்வரை சேறு. பின்னாலேயே வைரக்கண்ணு. இருவரும் கடை வாசலில் எதிரெதிரே நின்றார்கள்.

"என் வயலுக்கு நீதானே கேட்ட?" என்றார் வைரக்கண்ணு.

"கேட்டேன். மனசே இல்லாமத்தான் கேட்டேன். அப்படியும் பெஞ்சிருச்சு" என்றாள் நவமணி. "நீங்க கேட்டீங்களா?"

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தார். "கேட்டேன். மொத நாள் சும்மா நின்னுட்டு வந்துட்டேன். நேத்துதான் நெசமாக் கேட்டேன்." பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த வரப்பை... நாளைக்கு ரெண்டு பேருமா கயிறு போட்டு நேர் பண்ணிரலாம்."

நவமணிக்கு வாய் வரவில்லை. அவளுக்கே அது புதுசு. தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைத்தெரு முழுக்க அதே பேச்சுதான். உங்க புண்ணியம், இல்லை இல்லை, நீங்க கேட்டதுதான் என்று ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தன்னால் பெய்தது என்று சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் வழியில்லை. பாலத்துப் பக்கத்து உரக்கடைக்காரர் யாரிடமோ கேட்டறிந்து, ஜாஃபர் சாதிக்குக்கு ஒரு டீ அனுப்பியிருந்தார். மழை ஐயரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் ஃப்ளெக்ஸின் மூலையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் காது குளிரக் கேட்டுக்கொண்டு, மூட்டைகளுக்கும் கூரைக்கும் நடுவே நனையாத இடத்தில் நின்றார்.

வைரக்கண்ணு தான் வாங்கிய மூட்டையை அந்த நனையாத இடத்துக்கு நகர்த்தக் குனிந்தார். அன்றைக்குப் பூசணிக்காயோடு வந்து யார் காலில் விழுந்தாரோ, அந்தக் கால் இப்போது அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

"ஐயரே, செத்த அந்தாண்ட தள்ளி நில்லுங்க. மூட்டை நனையுது" என்றார்.

"இதோ" என்று சொல்லிவிட்டு, ஆயர் தேவவரம் சந்தோஷமாக மழைக்குள் தள்ளி நின்றார்.